விதைக்கு முன்னாடி தண்ணிய பாருங்க

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

நான் கொருக்குப்பேட்டைக்காரன். டெய்லி காலைல டீக்கடைல உங்க பேப்பர்ல விளையாட்டு பக்கத்த மட்டும் தனியா உருவி எடுத்து படிச்சு கடைக்காரர்கிட்ட திட்டு வாங்குற ஆளு. லெட்டர் எழுதுறது இதான் முதல் தடவ. நான் சொல்ல சொல்ல என் பேத்தி போன்ல டைப் பண்றா, நடுவுல நடுவுல "தாத்தா மெதுவா"ன்னு கத்துறா, அதனால எங்கயாச்சும் தொடர்பு விட்டுப் போச்சுன்னா நீங்களே ஒட்டிக்கோங்க. ஆனா விஷயத்த மட்டும் வெட்டிடாதீங்க, ஏன்னா இது நம்ம வட சென்னை கிரவுண்டு சமாச்சாரம், இந்த மாசத்துக்குள்ள நாலு பேரு படிச்சாதான் பிரயோஜனம்.

எங்க ஏரியாவுல ஒரு கிரவுண்டு இருக்கு. பேரு வேணாம், பேரு போட்டா அப்புறம் தெருவுல நடக்க முடியாது. அந்த கிரவுண்டுக்கு புல்லு போடணும்னு பசங்க, பெரியவங்க, கடைக்காரங்க எல்லாரும் சேந்து காசு வசூல் பண்ணியிருக்காங்க, இது ரெண்டாவது தடவ. முதல் தடவ போட்டது என்ன ஆச்சுன்னு எல்லாருக்கும் தெரியும், தெரிஞ்சும் மறுபடியும் அதே மாதிரி ஒரு விதை பாக்கெட் படத்த வாட்ஸ்ஆப்ல போட்டு "சூப்பர், இதையே வாங்கிடலாம்"னு கட்டைவிரல தூக்கி காட்டிட்டு இருக்காங்க. படத்துல புல்லு பச்சைப்பசேல்னுதான் இருக்கு, யாரு இல்லைன்னா? அந்தப் புல்லு எந்த ஊர்ல, எந்த தண்ணில வளந்ததுன்னு கேட்டா மட்டும் ஒருத்தரும் வாயத் தொறக்க மாட்டேங்குறாங்க.

நான் ஏன் இவ்ளோ குதிக்கிறேன்னா, 26 வருஷம் டவுனுக்கு தெற்கால இருக்குற ஒரு கோல்ஃப் கிளப்ல மாலி வேலை, அதாவது புல்லு பாத்துக்குற தோட்டக்கார வேலை பாத்தேன். விடியறதுக்கு முன்னாடி ட்ரெயின் புடிச்சுப் போயி, கிரீன்ல பனி காயறதுக்குள்ள மெஷின் ஓட்டணும். கிரீன்னா அந்தக் குழி இருக்குற இடம், அங்க புல்லு 3 மில்லிமீட்டர், நாலு மில்லிமீட்டர் உயரந்தான் இருக்கணும், தரைல கம்பளம் விரிச்ச மாதிரி. ஃபேர்வேல, அதான் கிரீனுக்குப் போற பாதைல, கொஞ்சம் உயரம், அதுக்கு ரெண்டு ஓரத்துலயும் இருக்குற ரஃப்ல இன்னும் உயரம். ஒரே கிளப்புக்குள்ளயே இடத்துக்கு ஏத்த மாதிரி புல்லு ஜாதி மாறும். சாயந்திரம் வூட்டுக்கு வந்தா எங்க பசங்க கண்ணாடித் துண்டும் நெருஞ்சி முள்ளும் கெடக்குற மண்ணுல வெறுங்கால்ல ஃபுட்பால் ஆடிட்டு இருப்பானுங்க. வியாசர்பாடில இருந்து திருவொத்தியூர் வரைக்கும் ஃபுட்பால் இந்தப் பக்கத்துப் பசங்க ரத்தத்துல ஊறினது, ஆனா புல்லுல ஆடணும்னா டவுனத் தாண்டிப் போவணும். காலைல பாத்த தரையும் சாயந்திரம் பாத்த தரையும் ஒரே ஊரான்னு எனக்கே டவுட்டு வரும்.

சரி, முதல் தடவ நடந்தத சொல்றேன். டிசம்பர் கடைசில மழை விட்டதும் தரைய கிண்டி, மேல செம்மண்ணு கொட்டி, ஒருத்தர் வாங்கியாந்த வெளிநாட்டு விதைய தூவுனாங்க. அத வித்தவரு "துபாய்ல போடுற விதை சார், அங்கயே வளருதுன்னா இங்க வளராதா?"ன்னு ஒரு போடு போட்டாராம், எல்லாரும் அதுக்கே மயங்கிட்டாங்க. ஆறாவது நாளு முளைச்சிருச்சு. அய்யோ என்னா பச்சை! பொங்கல் டோர்னமென்ட் அன்னிக்கு பசங்க புல்லுல உருண்டு செல்ஃபி எடுத்தானுங்க, என் பேரன் கோல் அடிச்சிட்டு முட்டிய தேச்சிக்கிட்டே வழுக்கினு போனான், எழுந்து பாத்தா முட்டில பச்சைக் கறை மட்டுந்தான், ரத்தம் இல்ல. "தாத்தா பாரேன், அடியே படல"ன்னான். எனக்கு கண்ணுல தண்ணி வந்துருச்சு, உண்மைய சொல்றேன். ஆனா குனிஞ்சு ஒரு புல்ல புடுங்கி பாத்தேன் பாருங்க, அப்பவே வயித்துல புளியக் கரைச்ச மாதிரி ஆயிருச்சு. இலையோட அடிப்பக்கம் எண்ணெய் தடவின மாதிரி பளபளன்னு மின்னுது, கீழ தண்டுல லேசா செவப்பு. தரையோட படந்து ஓடுற கொடி ஒண்ணு கூட இல்ல, குத்துக்குத்தா நிக்குது. இது ரைகிராஸ்டா, குளிர் ஊரு புல்லுடான்னு சொன்னேன். "யோவ் பெருசு, நல்ல நாளும் அதுவுமா வாய வச்சிகினு சும்மா இரு"ன்னாங்க. மார்ச் கடைசில மஞ்சளடிச்சுது, சித்திரை பொறந்தப்ப வைக்கோலு, கத்திரி வெயில்ல தூசி. அதுக்கப்புறம் அந்த செம்மண்ணோட வந்த கோரை மட்டும் ஜம்முனு தழைச்சு நிக்குது, அத எவனும் காசு குடுத்து வாங்கல.

விதை மேல தப்பு இல்லீங்க. ரைகிராஸ் அதோட ஊர்ல ராஜா. டிவில விம்பிள்டன் பாக்குறோமே, அந்த கோர்ட்டு முழுக்க 2001ல இருந்து ரைகிராஸ் ஒண்ணுதான், 8 மில்லிமீட்டருக்கு வெட்டி வப்பாங்க. அது லண்டன். அந்த ஜாதி புல்லுக்கு 15 டிகிரில இருந்து 24 டிகிரி வரைக்கும்தான் ஒடம்பு சொகமா இருக்கும். நம்மூர்ல ஜனவரி பகல்லயே 29 போவுது, மே மாசம் 40ஐ தாண்டுற நாளெல்லாம் இருக்கு. அப்போ துபாய் கதை பொய்யான்னா அதுவும் பொய் இல்ல, அதான் இதுல இருக்குற சூட்சுமமே. அங்க வெயில் தாங்குற புல்லு ஒண்ணு வருஷம் முழுக்க அடியில நிரந்தரமா இருக்கும். குளிர்காலத்துல அது சோம்பிப் போயி நிறம் மங்கும்போது பச்சைக்காக மேலாப்புல ரைகிராஸ தூவுவாங்க. வெயில் வந்ததும் ரை செத்துரும், அடியில இருக்குறது முழிச்சுக்கும். ஓவர்சீடிங்னு சொல்லுவாங்க. நம்ம ஆளுங்க என்னா பண்ணாங்க, அடியில புல்லே இல்லாம மேல் புல்ல மட்டும் தூவிட்டாங்க. சோறே வடிக்காம இலைல ரசத்த மட்டும் ஊத்துன கதைதான்.

அப்போ எது போடலாம்? நம்ம ஊருக்குன்னு ஆண்டவன் குடுத்தது அருகம்புல்லு. புள்ளையாருக்கு சாத்துறோமே, காலைல பார்க்கு வாசல்ல டம்ளர் டம்ளரா ஜூஸ் போட்டு விக்கிறானே, அதேதான். கல்யாணத்துல பெரியவங்க "ஆல் போல் தழைத்து அருகு போல் வேரோடி"ன்னு வாழ்த்துறாங்களே, அந்த வேரோடுறதுதான் ஃபுட்பால் கிரவுண்டுக்கு வேணும். மேல ஒரு கொடி, மண்ணுக்குள்ள ஒரு தண்டு, ரெண்டு பக்கமும் ஓடும். ஸ்டட் போட்ட ஷூவுல ஒருத்தன் கிழிச்சிட்டு போனாலும் பக்கத்துல இருக்குற கொடி வந்து மூடிக்கும். இங்கிலீஷ்ல பெர்முடா பெர்முடான்னு பெருமையா சொல்றாங்களே, அது நம்ம அருகம்புல்லு குடும்பம்தான்னு கிளப்புல எனக்கு ஒரு பெரியவரு சொல்லிக் குடுத்தப்ப நான் நம்பவே இல்ல. என்னடா இது, வேலியோரத்துல மாடு மேயறத போயி இவ்ளோ காசு குடுத்து வளக்குறாங்களேன்னு சிரிச்சேன்.

ஆனா கோல்ஃப்ல வளக்குறது வேலியோரத்து அருகு இல்ல. அமெரிக்கால ஜார்ஜியா மாநிலத்துல டிஃப்டன்னு ஒரு ஊரு, அங்க கிளென் பர்ட்டன்னு ஒரு விஞ்ஞானி நம்ம அருகையும் ஆப்பிரிக்கா அருகையும் கலந்து ஒட்டு ரகம் எடுத்தாரு. 1956ல டிஃப்கிரீன், அத 328ன்னும் சொல்லுவாங்க. 1960ல டிஃப்வே, அதான் 419. 1965ல டிஃப்ட்வார்ஃப், இது குள்ள ரகம், கிரீனுக்குன்னே வந்தது. 419 இன்னிக்கும் உலகம் முழுக்க ஃபேர்வேலயும் ஸ்டேடியத்துலயும் ஓடுது. இப்போ முக்கியமான விஷயம், தயவுசெஞ்சு இத கொட்டை எழுத்துல போடுங்க: இந்த ஒட்டு ரகத்துக்கு விதையே கெடையாது. கோவேறு கழுதைக்கு குட்டி இல்லாத மாதிரி இது மலடு. தண்ட வெட்டி நட்டுதான் பரப்பணும், இல்ல பாய் மாதிரி சுருட்டி வர்ற புல்ல வாங்கி விரிக்கணும். ஆனா எங்க குரூப்ல வந்த பாக்கெட் படத்துல "419 பெர்முடா விதை"ன்னு போட்டிருக்கு! அந்த ஒரு வரியிலயே அவன் யோக்கியத தெரிஞ்சு போச்சு. விதையாவே வேணும்னா விதைக்குன்னு உருவாக்குன பெர்முடா ரகங்க இருக்கு, பிரின்சஸ், ரிவியெரா, யூகான்னு, அதுங்க நல்ல ரகம்தான். நம்ம ஊர்லயே செலக்ஷன் ஒன்னுன்னு ஒரு அருகு ரகம் கிரிக்கெட் கிரவுண்டுங்கள்ல, கோல்ஃப்ல ரொம்ப நாளா புழக்கத்துல இருக்கு, அதுவும் தண்டு நடுறதுதான்.

இவ்ளோ சொல்லியும் இன்னும் நான் மெயின் மேட்டருக்கே வரல. நான் தலைப்புல போடச் சொன்னது தண்ணி. ரகம் எல்லாம் அப்புறம்.

எங்க வூட்டு ஆர்ஓ மெஷின சர்வீஸ் பண்ண ஒரு தம்பி வருவான், பாக்கெட்ல பேனா மாதிரி ஒரு மீட்டர் வச்சிருப்பான், தண்ணில முக்குனா நம்பர் காட்டும், டிடிஎஸ்னு சொல்றது, ஒரு லிட்டர்ல எத்தன மில்லிகிராம் உப்பு கரைஞ்சிருக்குன்ற கணக்கு. அவன கையோட கூட்டிட்டு போயி கிரவுண்டு போர் தண்ணில முக்கச் சொன்னேன். 2600 காட்டுச்சு. "தாத்தா இத குடிச்சா வயிறு காலி"ன்னான். டேய் நான் குடிக்க கேக்கல, புல்லு குடிக்க கேக்குறேன்னேன். பாசனத் தண்ணில சுமாரா 450 வரைக்கும் பயமில்ல, 2000 தாண்டுச்சுன்னா பெரும்பாலான செடிக்கு ஆபத்துன்னு கணக்கு. எங்களுது 2600. கடலோரம் வேற, மீஞ்சூர் பக்கம் நிலத்தடி நீர உறிஞ்சி உறிஞ்சி கடல் தண்ணி உள்ள ஏறின கதை நம்ம எல்லாருக்கும் தெரியும். காசிமேட்டுல, எண்ணூர்ல, எர்ணாவூர்ல போர் போட்டவங்கள கேளுங்க, சோப்பு நுரைக்காது, பித்தளைக் கொழா பச்சையடிச்சுப் போவும், பக்கெட்டு ஓரத்துல வெள்ளையா உப்பு பூக்கும். அந்த வெள்ளைதான் விதைய கொல்றது. வளந்த அருகு உப்ப நல்லாவே தாங்கும், ஆனா முளைக்கிற குஞ்சு விதை தாங்காது. பெரியவங்க ஊறுகாய் தொட்டுக்குறாங்கன்னு பச்சப்புள்ளைக்கும் நாக்குல வச்சா எப்படி?

மீட்டர் கூட மொத்த உப்பதான் காட்டும். அதுல சோடியம் எவ்ளோன்னு தனியா பாக்கணும், சோடியம் ஜாஸ்தின்னா களிமண்ணு இறுகிப் போயி மேல தண்ணி குட்டையா நிக்கும், அடியில வேருக்கு ஒரு சொட்டு போவாது. அதுக்கு ஜிப்சம் போட்டு, நல்ல தண்ணியில மண்ண கழுவி விடணும். வேளாண்மைத் துறையோட மண் பரிசோதனை நிலையத்துல மண்ணும் தண்ணியும் குடுத்தா டெஸ்ட் பண்ணித் தருவாங்க. விதைக்கு ஆவுற செலவோட பாத்தா டெஸ்ட்டு செலவு ஒரு டீ பன்னு செலவு மாதிரி.

உப்புத் தண்ணிதான் கதின்னா அதுக்குன்னே பொறந்த புல்லு ஒண்ணு இருக்கு, சீஷோர் பாஸ்பலம். பேர்லயே கடற்கரை இருக்கு. உப்பங்கழி ஓரம், சதுப்பு ஓரம் தானா வளர்ற ஜாதி. அதுல இருந்து கோல்ஃபுக்கும் ஸ்டேடியத்துக்கும் ரகம் எடுத்திருக்காங்க, சீ ஐல், சாலம், சீட்வார்ஃப், பிளாட்டினம்னு. 2016 ரியோ ஒலிம்பிக்ஸ் கோல்ஃப்ல கிரீன் சீட்வார்ஃப்தான். 2022ல கத்தார்ல உலகக்கோப்பை நடந்துச்சே, நம்ம பசங்க ராத்திரி பூரா முழிச்சு பெரிய ஸ்க்ரீன் கட்டி பாத்தானுங்களே, மெஸ்ஸி ஓடுனது பாஸ்பலம் மேலதான். அர்ஜென்டினா கொடிய கம்பத்துல கட்டத் தெரிஞ்ச பசங்களுக்கு அந்த தரை என்னான்னு யாரும் சொல்லல. இதுலயும் பெரும்பாலான ரகம் தண்டுதான், விதையா வர்றதுன்னா சீ ஸ்ப்ரேன்னு ஒண்ணு. விதையா போட்டா முளைக்கிற வரைக்கும் இதுக்கும் நல்ல தண்ணிதான் வேணும், அத மறந்துடாதீங்க.

வாய்ல சொன்னா எவன் நம்புறான், அதனால நானே ஒரு வேலை பண்ணேன். காசிமேட்டுல மீன் வர்ற தெர்மாகோல் பெட்டி அஞ்சு வாங்கியாந்தேன், வூட்டுக்காரம்மா "மாடி பூரா கவுச்சி"ன்னு ரெண்டு நாளு சோறு போடல. அடியில ஓட்டை போட்டு, அதே கிரவுண்டு மண்ண ரொப்பி, மார்ச் மாசம் முதல் வாரம் ஆரம்பிச்சேன். ஒண்ணுல ரைகிராஸ். ரெண்டாவதுல பெர்முடா விதை, கிரவுண்டு போர் தண்ணிய கேன்ல கொண்டாந்து ஊத்துனேன். மூணாவதுல அதே விதை, ஆனா ஆறு வாரம் மெட்ரோ வாட்டர், அதுக்கப்புறம் போர் தண்ணி. நாலாவதுல எங்க காம்பவுண்டு சொவத்தோரம் முளைச்ச நாட்டு அருகு தண்டு. அஞ்சாவதுல பழைய கிளப்பு சிநேகிதன் ஒருத்தன் ஈரச் சாக்குல சுத்திக் குடுத்த பாஸ்பலம் தண்டு. ரை வழக்கம் போல முதல்ல வந்து முதல்ல போச்சு, ஏப்ரல் தாண்டல. ரெண்டாவது பெட்டில அங்கொண்ணும் இங்கொண்ணுமா முளைச்சுது, பூனை மீசை மாதிரி, நுனியெல்லாம் கருகி. அதே விதை மூணாவது பெட்டில பத்தாவது நாளு முளைச்சு ஒன்றரை மாசத்துல தரைய மூடிருச்சு, அப்புறம் உப்புத் தண்ணி ஊத்தியும் அசரல. விதை ஒண்ணு, மண்ணு ஒண்ணு, வெயில் ஒண்ணு, முதல் ஆறு வாரத் தண்ணி மட்டும் வேற. நாட்டு அருகு எதுக்கும் கவலப்படல, ஆனா கொஞ்சம் சொரசொரப்பா, கணு தள்ளித் தள்ளி, மெத்துன்னு இல்ல. பாஸ்பலம் பெட்டிதான் இப்போ எல்லாத்தையும் விட கரும்பச்சையா நிக்குது, எங்க வூட்டுக்காரம்மாவே "இத மட்டும் வச்சிக்கோ"ன்னு பெர்மிஷன் குடுத்துட்டாங்க.

இப்போ விதை வாங்குற கூட்டத்துக்கு ஒரு வார்த்த. பாக்கெட்டு முன்னாடி படத்த பாக்காம திருப்பி பின்னாடி லேபிள படிங்க. சுத்தம் எத்தன சதவீதம், முளைப்பு எத்தன சதவீதம், களை விதை எவ்ளோ, எப்போ டெஸ்ட் பண்ணது, எல்லாம் போட்டிருக்கணும். சுத்தம் 98, முளைப்பு 85ன்னா ரெண்டையும் பெருக்குனா 83 சதவீதம்தான் உசுருள்ள விதை. டெஸ்ட் தேதி பழசா இருந்தா அதுவும் கொறையும். அடுத்தது கோட்டிங். பெர்முடா விதை ரொம்ப பொடிசு, ஒரு கிலோல நாப்பது லட்சத்துக்கு மேல இருக்கும், ரைகிராஸ் ஒரு கிலோல சுமாரா அஞ்சு லட்சம். அவ்ளோ பொடிச தூவ வசதியா இருக்கட்டும்னு சுண்ணாம்பு, களிமண்ணு பூசி கலர் அடிச்சு விப்பாங்க. அது தப்பு இல்ல, ஆனா எடைல பாதி பூச்சுதான். 50 கிலோ வாங்குனா 25 கிலோதான் விதை. ஃபுல் சைஸ் ஃபுட்பால் கிரவுண்டு 105க்கு 68 மீட்டர், 7140 சதுர மீட்டர் வருது. சதுர மீட்டருக்கு 8 கிராம்னு போட்டா பூசாத பெர்முடா 57 கிலோ, பூசுனதுன்னா 114. எங்க கமிட்டில வாங்கப்போறது மொத்தமே 30 கிலோ, அதுவும் பூசுனது. பாயசத்துல முந்திரி தேடற மாதிரி புல்ல தேட வேண்டியதுதான்.

நர்சரில போயி கேட்டீங்கன்னா கொரியன் கிராஸ்னு ஒண்ண காட்டுவாங்க, குட்டி குட்டி மேடு மேடா மெத்த மாதிரி இருக்கும். சாய்சியான்னு ஒரு ஜாதி அது. அபார்ட்மென்ட் வாசலுக்கு அழகு, செருப்ப கழட்டிட்டு ஒக்காந்து காத்து வாங்கலாம். அதே ஜாதில வேற ரகங்க கோல்ஃப் ஃபேர்வேக்கே போடுறாங்க. ஆனா வளர்த்தி ரொம்ப மெதுவு, கிழிஞ்சா ஆற மாசக் கணக்கு ஆவும். கோல்ஃப்ல ஒருத்தன் ஒரு எடத்துல ஒரு தடவ மண்ண பேத்துட்டு நடந்து போயிடுவான், நம்ம கிரவுண்டுல கோல் போஸ்ட் முன்னாடி ஒரே எடத்துல சாயந்திரம் பூரா இருவது பேரு மிதிப்பானுங்க. அந்த எடத்துக்கு சாய்சியா சரிப்படாது. மரத்து நெழல்ல அருகும் வராது, பூவரசு அடியில எத்தன தடவ போட்டாலும் மெலிஞ்சு செத்துரும், அங்க நம்மூர்ல பஃபலோ கிராஸ்னு சொல்ற அகல இலை புல்லு, அதான் செயின்ட் அகஸ்டின், போடுங்க, இல்ல சும்மா பெஞ்சு போட்டு விடுங்க. பிளாஸ்டிக் டர்ஃப் போட்டுடலாமேன்னு ஒருத்தர் கேட்டாரு. மே மாசம் மத்தியானம் அது மேல வெறுங்கால வச்சுப் பாத்துட்டு வந்து சொல்லச் சொன்னேன், அதோட பேச்சு நின்னுருச்சு.

எப்போ போடுறது? ஆடிப்பட்டம் தேடி விதைன்னு சும்மா சொல்லல. ஆடில சூடும் இருக்கும், சாயந்திரத்துல மழையும் வரும், பெர்முடாவுக்கு அதான் கொண்டாட்டம். அப்போ போட்டா ஐப்பசி அடைமழைக்குள்ள வேர் புடிச்சிரும், மழை வந்து மண்ணு உப்ப கழுவிட்டு போவும், புல்லு போவாது. ஐப்பசில விதைச்சா விதையே கால்வா வழியா பக்கிங்காம் கெனாலுக்கு டூர் போயிடும். இப்போ ஆனி நடக்குது, அதான் அவசரப்படுறேன்.

தண்ணிக்கு எங்க போறதுன்னு கேப்பீங்க. ஒரு நாளைக்கு 5 மில்லிமீட்டர் நனைக்கணும்னா 7140 சதுர மீட்டருக்கு 35,700 லிட்டர், 12,000 லிட்டர் லாரில மூணு நடை. கஷ்டந்தான், ஆனா ஆறு வாரத்துக்குதான், அதுலயும் மழை பெய்யற நாள கழிச்சிக்கலாம். கொடுங்கையூர்ல கழிவுநீர சுத்தம் பண்ணி ஆர்ஓ அடிச்சு ஒரு நாளைக்கு 45 எம்எல்டி, அதாவது நாலரை கோடி லிட்டர், தர்ற அளவுக்கு ஒரு பிளான்ட் 2019ல இருந்து இருக்கு, மணலி பக்கத்து கம்பெனிங்களுக்கு குடுக்குறதுக்காக கட்டுனது. கம்பெனிக்கு குடுங்க, வேணாங்கல. குப்பையும் பொகையும் சாக்கடையும் வருஷக்கணக்கா தாங்குன ஜனத்தோட புள்ளைங்க ஆடுற தரைக்கு ஆறு வாரம் மூணு லாரி குடுத்தா என்னா கொறஞ்சிடப் போவுது? சம்பந்தப்பட்ட அதிகாரிங்க கண்ணுல இந்த லெட்டர் பட்டா இத ஒரு மனுவாவே எடுத்துக்கட்டும்.

இன்னொண்ணு சொல்லிட்டு முடிச்சிடுறேன், பேத்தி கை வலிக்குதுன்றா. நெறைய கோல்ஃப் கோர்ஸ்ல ஒரு மூலையில நர்சரின்னு ஒரு பாத்தி இருக்கும், கிரீன்ல இருக்குற அதே புல்ல அங்க தனியா வளப்பாங்க, எங்கயாச்சும் அடி வாங்குச்சுன்னா அங்க இருந்து சதுரமா வெட்டியாந்து ஒட்டுப் போடுவாங்க, பேன்ட்டுக்கு டெய்லர் ஒட்டுப் போடற மாதிரி. நம்ம கிரவுண்டுலயும் கோல் போஸ்ட்டுக்கு பின்னாடி பத்துக்கு பத்து அடில ஒரு பாத்தி போட்டா போதும், மூணு மாசத்துக்கு ஒரு தடவ கோல் போஸ்ட் முன்னாடி மிதிபட்டு விழற சொட்டைய மூடிக்கலாம். புல்லு போட்டதும் பசங்கள மூணு மாசம் உள்ள விடாம இருக்கணும், அதான் இதுலயே கஷ்டமான வேலை, அதுக்கு எங்கிட்ட மருந்து இல்ல. பக்கத்து காலி மனைல ரெண்டு செங்கல்ல வச்சு ஆடிக்கச் சொல்லியிருக்கேன், மனைக்காரர் இன்னும் சரின்னு சொல்லல.

வர்ற ஞாயித்துக்கிழமை காலைல கமிட்டி கூட்டம். அஞ்சு பெட்டியையும் மாடில இருந்து எறக்கி ஆட்டோவுல கொண்டு போறேன், ரை செத்த பெட்டியையும் சேத்துதான். ஆர்ஓ தம்பியையும் மீட்டரோட வரச் சொல்லியிருக்கேன். ஆட்டோக்காரர் கவுச்சி அடிக்குதுன்னு முப்பது ரூபா எக்ஸ்ட்ரா கேக்குறாரு, குடுத்துட்டேன்.

இப்படிக்கு,
பழைய மாலி ஒருத்தன்,
கொருக்குப்பேட்டை, சென்னை.